மூன்று பேரும் ஒரு பஞ்சரும்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் மனுஷனுக்குப் பசி இரண்டு மடங்கு, புத்தி பாதி. எங்கள் சித்தப்பா அதற்குக் கண்கண்ட சாட்சி. கரூரிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தவர், அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வந்த சூட்டோடு செங்கோட்டைப் பக்கம் போய்ப் பரோட்டாவையும் நாட்டுக்கோழி வறுவலையும் ஒரு பிடி பிடித்தார். "இந்தத் தண்ணியில குளிச்சா கல்லும் செரிக்கும்டா" என்று எனக்கும் ஒரு தட்டு சொன்னார். கல் செரித்திருக்குமோ என்னவோ, கோழி செரிக்கவில்லை. மறுநாள் விடிந்ததிலிருந்து லாட்ஜ் அறையின் குளியலறைக் கதவுதான் எங்களுக்குத் தெரிந்தது, சித்தப்பா தெரியவில்லை.

நாங்கள் வந்திருந்தது குளிக்க அல்ல, பெண் பார்க்க. பெண் எனக்குத்தான். முப்பத்தாறு வயதில், தலையில் பாதி கொட்டிய பிறகு, பத்துப் பொருத்தத்தில் எட்டு பொருந்துகிற ஒரு ஜாதகம் கீழப்பாவூரிலிருந்து வந்திருந்தது. அம்மா இல்லை, அப்பாவுக்கு மூட்டுவலி. அதனால் அக்கா, அத்தான், சித்தப்பா மூவரும் காரில் வந்தார்கள். நான் பைக்கில் வந்தேன். "பெண் பார்க்கப் போறவன் எவனாவது அவ்வளவு தூரம் பைக்ல போவானா?" என்று அக்கா கரூரிலேயே திட்டினாள். சீசனில் அந்தச் சாலையில் பைக் ஓட்டாதவனுக்கு அதெல்லாம் சொல்லிப் புரியாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம் தொடங்குகிறது, அதற்குள் பெண் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. கார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் குளியலறையில் இருந்தார். வாடகைக் கார் கேட்டால், சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமையில் கேட்கிறீர்களே என்று டிரைவர்கள் சிரித்தார்கள். ஆட்டோக்கள் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்குமாகப் பறந்துகொண்டிருந்தன. எஞ்சியது என் பைக் ஒன்றுதான்.

"மூணு பேர் ஒரே பைக்லயா?" என்றார் அத்தான். அவர் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். சாதாரணமாகப் பேசினாலே பிகில் ஊதுகிற மாதிரி இருக்கும், ஆளும் நல்ல கனமான உருப்படி. சட்டம், ஒழுங்கு என்று அவர் தொடங்குவதற்குள் அக்கா வேறு ஒரு பிரச்சினையைக் கையில் எடுத்தாள்.

"பைக்கை விடுங்க. நல்ல காரியத்துக்கு மூணு பேராவா போறது?"

எங்கள் அக்கா கணிப்பொறியில் பட்டம் வாங்கியவள். பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவாள். மூன்று பேராகப் போனால் காரியம் கைகூடாது என்பது அவளுக்கு இரண்டும் இரண்டும் நாலு என்கிற மாதிரி. அதற்குப் பரிகாரமும் எல்லார் வீட்டிலும் உண்டு. ஒரு கல்லை எடுத்துக்கொண்டால் அது நாலாவது ஆள். அத்தான் கீழே போய் ஆற்றோரமாகத் தேடி, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையாக ஒரு கல்லைக் கொண்டுவந்தார். சின்னதாகக் கிடைக்கவில்லையா என்றேன்.

"சம்பந்தம் பேசப் போற ஆளு. கொஞ்சம் வாட்டசாட்டமா இருக்கட்டும்" என்றார். கல் அவருடைய சட்டைப் பையில் ஏறியதும் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

இவ்வளவு கூத்துக்கும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பெண்ணோடு கொஞ்ச நாளாகப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா சம்மதித்துத்தான். எடுத்த எடுப்பிலேயே அவள் சொல்லிவிட்டாள், தனக்கு ஏற்கெனவே இரண்டு இடம் கூடி வந்து கலைந்து போயிருக்கிறது என்று. முதல் இடத்தில் நாள் குறித்த மறுநாள் மாப்பிள்ளையின் தாத்தா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இரண்டாவது இடத்துக்காரர்கள் வந்த வேன் சுரண்டை தாண்டியதும் நின்றுவிட்டது. தடங்கல் என்று சொல்லி அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். வாசலில் கோலம் போட்டு, கேசரி கிண்டி, சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்துக் காத்திருந்த வீடு. அன்றிலிருந்து ஊரில் அவளுக்கு ராசியில்லாதவள் என்று பெயர்.

"ஒங்களுக்குப் பிடிக்கலைன்னா வீட்டுக்கு வந்து, காப்பி குடிச்சிட்டு, பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். ஆனா வழியிலேயே திரும்பிப் போயிராதீங்க. அதை மட்டும் எங்கப்பா தாங்க மாட்டாரு" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கிளம்பினோம். முன்னால் நான், நடுவில் அத்தான், பின்னால் பட்டுச்சேலையில் ஒருபக்கமாக அக்கா, அவள் மடியில் பழப்பை. தென்காசி தாண்டும்வரை சாரல் முகத்தில் அடித்தது. அப்புறம் மேற்கிலிருந்து வீசும் மேகாற்று முதுகில் கைவைத்துத் தள்ள ஆரம்பித்தது. அந்தக் காற்றில் பெட்ரோலே தேவையில்லை என்று தோன்றும். அத்தான் கூடச் சட்டத்தை மறந்து ஏதோ ஒரு பாட்டை முனகினார். பாவூர்சத்திரத்தில் இடதுபக்கம் திரும்பி, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நான் திரும்பிச் சொன்ன அந்த நேரத்தில் பைக்கின் பின்பக்கம் வாலை ஆட்டியது. ஒரு பக்கம் போனது, மறுபக்கம் போனது, டப்பென்று ஒரு சத்தம். எப்படியோ விழாமல் ஓரத்தில் நிறுத்திவிட்டேன்.

பின் டயர் தோசை மாதிரி தரையில் ஒட்டிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். டியூபின் வால்வே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. ஆணி குத்தியிருந்தால் ஒட்டிவிடலாம், வால்வு பிடுங்கினால் புது டியூப்தான். அத்தானின் எடையைப் பற்றி ஒரு வார்த்தை வாய்வரை வந்தது. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று முழுங்கிவிட்டேன்.

கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வேப்பமரத்தில் பழைய டயர் தொங்கியது. அப்பாடா, பஞ்சர் கடை! மூன்று பேரும் மூச்சு வாங்க பைக்கைத் தள்ளிக்கொண்டு போனால் கடை பூட்டிக் கிடக்கிறது. மொபெட்டில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு போனவர் வண்டியை நிறுத்தாமலேயே சொன்னார்.

"அவரு இல்லல்லா! குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதுன்னு காலையிலேயே குளிக்கப் போயிட்டாரு!"

தென்காசிப் பக்கத்தில் இது ஒரு நியாயமான காரணம். தண்ணீர் விழுந்தால் போகத்தான் வேண்டும். அருவியில் தண்ணீர் எவ்வளவு விழுகிறது என்று கேட்டுக்கொண்டுதான் அங்கே ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கிறார்கள். எனக்கு மட்டும் அந்த நியாயம் அன்றைக்குக் கசந்தது.

அக்கா பழப்பையைக் கல்பெஞ்சில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"திரும்பிடலாம்டா."

"அக்கா."

"நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லல. இன்னைக்கு வேணாம்னு சொல்றேன். சித்தப்பா படுத்துட்டார், கார் இல்லை, இப்ப டயர். இதுக்கு மேலயும் சாமி வந்து காதுல சொல்லணுமா? வேற ஒரு நல்ல நாள் பார்த்து வரலாம்." பிறகு மெதுவாக, "அந்தப் பொண்ணோட ராசியோ என்னவோ" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் நடுரோடு என்று பார்க்காமல் கத்தினேன். "சித்தப்பா தின்ன கோழிக்கும் அவ ராசியா? மூணு பேரை ஏத்தினா டியூப் புடுங்காம என்ன செய்யும்? திரும்பிப் போனோம்னா அவளுக்கு இது மூணாவது தடவை. அப்புறம் அவ வீட்டு வாசலை எவன் மிதிப்பான்?"

"கத்தாதே. எனக்கு மட்டும் ஆசையா? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அப்பாவுக்கு நான்தான்டா பதில் சொல்லணும்" என்று அவளும் கத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அத்தான் இரண்டு டீமுக்கும் நடுவில் நின்ற ரெஃபரி மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், பெண் வீட்டுக்கு ஒரு போன் போட்டால் போதும். அடுத்த நிமிஷம் யாராவது வண்டியோடு வந்து நிற்பார்கள். ஆனால் போன் போட்டால் டயர் போன சேதி வீடு முழுக்கத் தெரிந்துவிடும். கூடியிருக்கிற சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு நாங்கள் திரும்பியே போய்விடலாம். உதவி கூப்பிடு தூரத்தில் இருந்தும் கூப்பிட வழியில்லை.

கடைசியில் கடைக்குப் பின்பக்கம் போய் அவளுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். டயர் போய்விட்டது, இன்ன இடத்தில் நிற்கிறோம், பஞ்சர்காரர் குற்றாலத்தில், நான் திரும்பிப் போக மாட்டேன். அவளிடமிருந்து உடனே பதில் வந்தது. "அங்கனயே நில்லுங்க. யார்ட்டயும் மூச்சு விடாதீங்க."

காத்திருந்தோம். அக்கா மணி பார்ப்பதும் நான் அக்காவைப் பார்ப்பதுமாக நேரம் போனது. ஆட்டோ ஏதாவது பாவூர்சத்திரம் பக்கம் போனால் ஏறிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். நல்ல வேளையாக ஒன்றும் வரவில்லை.

அப்போது பாவூர்சத்திரம் பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டி வந்த பெண் ஹெல்மெட் போட்டு, துப்பட்டாவால் மூக்குவரை மூடியிருந்தாள். பின்னால் ஈரத்தலையும் காதோரம் எண்ணெயுமாக ஒருவர், தோளில் ஈரத்துண்டு. பஞ்சர்காரரேதான்! வேறு பாதையில் சுற்றிப் பாவூர்சத்திரம் போய், குளித்துவிட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவரை அப்படியே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தக் கண்களைப் பார்த்ததுமே எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அதுவரை அவளை நான் போனில்தான் பார்த்திருந்தேன்.

"அண்ணாச்சி கடை இங்கன இருக்குன்னு தெரியும். யாரோ வண்டியோட நிக்காங்கன்னு சொன்னாங்க, அதான் கூட்டியாந்தேன்" என்று அக்காவிடம் சொன்னாள். பொய் சரளமாக வந்தது.

பஞ்சர்காரர் கடையைத் திறந்துகொண்டே, "ஏட்டி, என்னைய ஒரு வாய் டீ கூடக் குடிக்க விடாம இழுத்தாந்திருக்க. ஆமா, இன்னைக்கு ஒன்னையல்லா..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி! ஜாக்கி எங்க?" என்று கத்தினாள்.

"ஜாக்கியா? பைக்குக்கு எதுக்குட்டி ஜாக்கி?"

"சும்மா கேட்டேன்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், பட்டுச்சேலையையும் பழப்பையையும் பார்த்தார். விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு டயரோடு மட்டும்தான் பேசினார்.

கடை முன்னால் தரை சொதசொதவென்று இருந்தது. ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கியது. "தட்டையா ஒரு கல்லு குடுங்க" என்று அவர் கையை நீட்ட, அத்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சக்கரம் கழன்றது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே துப்பட்டா நுனியை மட்டும் இடுப்பில் சொருகிக்கொண்டு செயினை விலக்கிப் பிடித்தாள். அக்காவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

"உனக்கு எதுக்கும்மா இந்த அழுக்கு வேலையெல்லாம்?"

"இருக்கட்டும்க்கா. நீங்க எங்க போறீங்க?"

கேட்டிருக்க வேண்டாம். அக்காவுக்கு யாரிடமாவது கொட்ட வேண்டும்போல இருந்திருக்கிறது, கொட்டிவிட்டாள். "இவனுக்குப் பொண்ணு பார்க்கத்தான் போறோம். வழியிலேயே இப்படி ஆயிடுச்சு. அந்தப் பொண்ணுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை இப்படித்தானாம். எனக்கு மனசே சரியில்லம்மா. திரும்பிடலாம்னு பார்க்கறேன்."

செயினைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது. பஞ்சர்காரர் டயருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அவள் நிமிராமலே சொன்னாள். "டயரு வெடிச்சா டயரு வெடிச்சதுன்னுதான அர்த்தம்க்கா? அந்தப் பிள்ள இந்நேரம் வீட்ல ஒங்களுக்குப் பலகாரம் எடுத்து வச்சிக்கிட்டு, வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கான்னு காதைக் குடுத்துக்கிட்டு இருப்பா. அவ என்ன செஞ்சா, பாவம்?"

அக்கா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது டியூப் போட்டுக் காற்றடித்து முடித்ததும் அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "பூ வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன். வீட்ல தேடுவாங்க" என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பறந்துவிட்டாள். நாங்கள் பைக்கில் ஏறினோம். எந்தப் பக்கம் திருப்புவது என்று நான் அக்காவைக் கேட்கவில்லை. கீழப்பாவூர்க் குளக்கரை தெரிகிற இடத்துக்கு வந்ததும் பின்னாலிருந்து ஒரு அலறல்.

"ஏங்க! நாலாவது ஆள் எங்க?"

அத்தான் சட்டைப் பையைத் தடவினார். பஞ்சர்கடையில், ஸ்டாண்டுக்கு அடியில், சேற்றில் மிதிபட்டுக் கிடந்தார் எங்கள் நாலாவது ஆள்.

"அதனாலென்ன, இங்க கிடக்கிற ஒரு கல்லை எடுத்துக்கலாமே" என்றார் அத்தான்.

"கூட வந்த ஆளை நடுவழியில விட்டுட்டு வேற ஆளைக் கூட்டிட்டுப் போறதா? நல்லா இருக்கே நியாயம்!"

"அப்ப திரும்பிப் போய் எடுத்துட்டு வருவோம்."

"காரியத்துக்குக் கிளம்பினவங்க திரும்பக் கூடாதுங்க!"

சாஸ்திரம் அக்காவை முன்னாலும் பின்னாலும் பூட்டிவிட்டது. மணி நாலேகால். நான் சிரித்தால் அடி விழும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா குளத்தைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள்.

"சரி, வண்டிய எடு. அந்த ஸ்கூட்டர்க்காரப் பொண்ணைக் கணக்குல சேத்துக்கலாம். பாதி வேலை அவதான பார்த்தா."

ராகுகாலத்துக்கு முன்னால் வாசலில் இறங்கினோம். கூடம் நிறைய ஆட்கள். பெண்ணின் அப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று, விறைப்பாக, கையைக் கூப்பியபடி நின்றார். மீசை கூட ஆடவில்லை. எங்களை உட்காரவைத்துவிட்டு அவர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார், நாங்கள் நிஜமாகவே வந்துவிட்டோமா என்று சந்தேகப்பட்டவர்போல.

காப்பி வந்தது. ஊதா நிறப் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ வைக்க இடம் விட்டுப் பின்னிய சடை, குனிந்த தலை. அக்காவிடம் தட்டை நீட்டியபோது அந்த விரல்களை அக்கா பார்த்தாள். எவ்வளவு தேய்த்திருந்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போயிருக்கவில்லை. அக்கா மெல்ல முகத்தை நிமிர்த்தினாள். அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெளியே வா, உனக்கு இருக்கு என்கிற பார்வை. அத்தானுக்குக் காப்பி புரை ஏறியது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய அப்பா கேட்டார். எத்தனை நாளாக மனதில் வைத்திருந்த கேள்வியோ, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"வாரப்ப வழியில... தடங்கல் ஒண்ணும் இல்லையே?"

பெண்கள் உள்கதவை ஒட்டி நின்றார்கள். அவள் கையிலிருந்த தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. என் அக்கா பொய் சொல்ல மாட்டாள், அதுவும் சகுன விஷயத்தில் சத்தியமாகச் சொல்ல மாட்டாள்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தடங்கலா? நீங்க வேற! இவ்வளவு நல்ல சகுனத்தோட நாங்க எங்கேயும் போனதில்லை."

"என்ன சகுனம்மா?" என்று கதவோரத்திலிருந்து ஒரு பெண் குரல் ஆவலாகக் கேட்டது.

"கன்னிப்பொண்ணு ஒருத்தி எதிர்ல வந்தா. மகாலட்சுமி மாதிரி."

கூடம் முழுக்க ஒரு சலசலப்பு. "அப்படிச் சொல்லுங்க!" என்றார் ஒருவர். பட்டாளத்து மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பித் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் அப்போதும் தலை நிமிரவில்லை. ஆனால் கண்ணீர் சொட்டி ஊதாச் சேலையில் கரும்புள்ளிகளாக விழுந்ததை நான் பார்த்தேன்.

அக்கா எழுந்தாள். தாம்பாளத்தில் இருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து, அந்தச் சடையில் வைத்து, ஊசியைச் செருகினாள். பூ வைத்துவிட்டால் பேசி முடித்தாயிற்று என்று அர்த்தம். ஊருக்குப் போய்க் கலந்து சொல்கிறோம் என்று சொல்லத்தான் லாட்ஜில் பேசி வைத்திருந்தோம். அப்பாவைக் கேட்கவில்லை, அத்தானைக் கேட்கவில்லை. கட்டிக்கொள்ளப்போகிற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.